மாப்பிள்ளைக்குப் போட்ட பைபர் பம்பர்

எங்க மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டியைவிட காரு மேலதான் ஆசை அதிகம்னு திண்டிவனம் டாக்சி ஸ்டாண்டுல எல்லாரும் கேலி பண்ணுவாங்க சார். நான் அப்படிச் சொன்னதே இல்லே. ரெண்டு மேலயும் அவருக்கு ஒரே ஆசைதான். காரைத் தொடைக்கும்போது ஒரு பாட்டு பாடுவாரு, என் தங்கச்சியைச் சமாதானம் பண்றதுக்கும் அதே பாட்டைத்தான் பாடுவாரு. தொண்டை மட்டும் கொஞ்சம் சுமாரு.

துரைக்கண்ணு தங்கமான மனுசன். கோலியனூர்க்காரரு. நான்தான் தேடிப் புடிச்சி அம்சாவைக் கட்டிக் குடுத்தேன். அம்மா அப்பா போனப்புறம் அவளுக்குத் தலை பின்னி ஸ்கூலுக்கு அனுப்பினதெல்லாம் நான்தானே. அவளுக்காக நான் கல்யாணமே கட்டிக்கலே. மாப்பிள்ளைகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டேன், என் டிங்கரிங் ஷெட் இருக்கிற தெருவுலயே குடி வரணும்னு. வந்துட்டாரு. வீட்டோட மாப்பிள்ளைன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, இவரு தெருவோட மாப்பிள்ளை. மத்தியானச் சோறு எனக்கு அங்கதான், சாயந்திரம் டீயும் அங்கதான். அவங்க கூப்பிடட்டும்னு நான் காத்துக்கினு இருக்கறதில்லே. கதவு சாத்தியிருந்தா தெறக்கற வரைக்கும் வாசல்ல உக்காந்துக்குவேன். சொந்தத்துல என்னா சார் மானம் ரோசம்.

இப்படி இருக்கையிலதான் போன மாசியில மாப்பிள்ளை மெட்ராஸ் போறேன்னாரு. ஏர்போர்ட்ல டாக்சி ஓட்டப் போறாராம். தாம்பரத்துல வீடுகூட பார்த்துட்டாராம். அம்சா பக்கத்துல தலையைக் குனிஞ்சிக்கினு நின்னா. எனக்குப் புரிஞ்சி போச்சி. புள்ளைக்குப் போக இஷ்டமில்லே, புருசன் எதிர்ல சொல்லப் பயப்படுறா. வேற ஒருத்தனா இருந்தா சண்டைக்குப் போயிருப்பான். ஆனா நான் கோவப்படற ஆளு இல்லே சார், யாரை வேணா கேட்டுப் பாருங்க.

மெட்ராஸ் போற வண்டிக்கு மொகம் லட்சணமா இருக்கணும் மாப்பிள்ளைன்னேன். மாருதி வந்ததுலேருந்து அம்பாசிடரை எவன் திரும்பிப் பார்க்கறான். இரும்பு பம்பரைக் கழட்டிட்டு, வெளிநாட்டு வண்டியாட்டம் முன்னாடி வழவழன்னு ஒரு பைபர் பம்பர் போட்டுக் குடுக்கறேன், என் சீதனமா இருக்கட்டும்னேன். மனுசனுக்கு ஒரே சந்தோசம். ஸ்டாண்டு பூரா போயி தண்டோரா போட்டுட்டாரு.

பைபர் வேலை எனக்குத் தெரியாது. கோட்டக்குப்பத்தாண்ட பைபர் படகு செய்யற அந்தோணிசாமிகிட்ட போய் நின்னு கத்துக்கினேன். அச்சு மேல பஞ்சு பாய் மாதிரி இருக்கிற கண்ணாடி நார் மேட்டை விரிச்சி, ரெசின் பசையைப் பூசி, அது மேல இன்னொரு மேட்டு. எத்தினி மேட்டு போடறமோ அத்தினி பலம். பொறுமையான வேலை. அந்தோணிசாமிக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்லே சார், அவரை எதுக்கும் கூப்பிட்டுப் பேஜார் பண்ணாதீங்க.

ஷெட்டுக்குப் பின்னால ஒடைஞ்ச பம்பரும் மல்லாட்டைக் கடலை மூட்டையும் கெடக்குதே, எதுக்குன்னு ஏட்டு கேட்டாரு. நியாயமான கேள்வி.

ஸ்டாண்டுக்கே ஒரு ஜாக்கிதான் சார், எல்லாருக்கும் பொது. அதனால வண்டியைத் தூக்கினதும் பம்பருக்கு அடியில புளியங்கட்டையை முட்டுக் குடுத்துட்டு ஜாக்கியை உருவி அடுத்த ஆளுக்குக் குடுத்துடுவாங்க. இரும்பு பம்பரு அசையாது. மாப்பிள்ளையும் அப்படித்தான். சக்கரத்தைக் கழட்டிட்டு, ஒரு காலை மடிச்சி ஒரு காலை வண்டிக்கு அடியில நீட்டிக்கினு, பாட்டு பாடிக்கினே பிரேக் ட்ரம்மைச் சுத்தியால தட்டிக் கழட்டிப் பார்ப்பாரு. பைபர்னு தெரிஞ்சா கட்டை வெப்பாரான்னு நீங்க கேக்கலாம். கைப்பழக்கம் சார். காலம்பூரா வெச்ச கை, அதுபாட்டுக்கு வெக்கும்.

மொதல்ல செஞ்ச பம்பரை ஒரு பழைய சேசிஸ்ல மாட்டி, அது மேல மல்லாட்டை மூட்டையை அடுக்கிப் பார்த்தேன். கட்டையை முட்டுக் குடுத்து ஜாக்கியை எடுத்ததுமே ஒடைஞ்சி போச்சி. ஆளை உக்காரவே விடாது, அதனால என்னா பிரயோஜனம். அடுத்ததுல மேட்டை அதிகமாப் போட்டேன். அது சுத்தியால அடிச்சாகூட ஒடையலே. அருமையான பம்பரு. இப்பவும் ஷெட்டுலதான் இருக்குது. உங்க ஜீப்புக்குச் சேராது, சேர்ந்தா உங்களுக்கே குடுத்துடுவேன். அப்பால போல்ட்டு வர்ற எடத்துல மட்டும் மேட்டைக் கொறைச்சி இன்னொண்ணு செஞ்சேன். பாரம் தாங்கிச்சி. பக்கத்துல ட்ரம்மைச் சுத்தியால தட்டினேன், நாலு தட்டுல பம்பரு போல்ட்டாண்ட விட்டுது. ரொம்பத் திருப்தி. அதே மாதிரி ஒண்ணு செஞ்சி மாட்டினேன். அம்சா கற்பூரம் சுத்தி பம்பருக்குச் சந்தனப் பொட்டு வெச்சா.

மாட்டறப்பவே முன்சக்கர ட்ரம்முக்குள்ள ரெண்டு சிட்டிகை மணலும் போட்டுட்டேன். சத்தம் வந்தாத்தானே பிரேக்கைப் பிரிப்பாரு.

மறுநாளே பிரிச்சாரு. நானும் ஸ்டாண்டுல இருந்தேன். ஜாக்கியை உருவினது ஸ்டாண்டுல கூட வண்டி ஓட்டற பெரியசாமி, பாவம், அவரு வழக்கமாச் செய்யறதைத்தான் செஞ்சாரு, அவரைப் புடிக்காதீங்க. ட்ரம்மு இறுகிப் போயிருந்துது. மாப்பிள்ளை சுத்தியை எடுத்துக்கினு, "மச்சான், மெட்ராஸ்ல இந்த பம்பரைப் பார்த்துட்டு எவனாவது சினிமாவுக்கு வாடகை கேப்பான் பாருங்க"ன்னாரு. நானும் சிரிச்சேன். ஆனா அன்னிக்குன்னு பார்த்து ரெண்டு காலையும் நீட்டிக்கினு உக்காந்துட்டாரு சார். நான் ஒரு காலைத்தான் மனசுல நெனைச்சிருந்தேன். எப்பவும் மடிக்கிற மனுசன் அன்னிக்கு ஏன் மடிக்கலேன்னு எனக்கு இன்னும் வெளங்கலே. மடிங்க மாப்பிள்ளைன்னு சொல்லலாமான்னுகூட ஒரு நிமிசம் யோசிச்சேன். சொன்னா வித்தியாசமாத் தெரியும்னு விட்டுட்டேன்.

பம்பரு விட்டதும் வண்டியை மொதல்ல தூக்கினது நான்தான். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் நான்தான், ரத்தம் குடுத்ததும் நான்தான். ரெண்டு காலையும் முட்டிக்கு மேல எடுத்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணுமில்லே. உசுருக்கு ஒண்ணும் ஆகக் கூடாதுன்னுதான் அத்தினி மூட்டை அடுக்கிப் பார்த்தேன். என் தங்கச்சி தாலியில நான் கை வெப்பனா சார்.

ஆஸ்பத்திரி வராந்தாவுல அம்சாவைத் தேத்தினேன். இனிமே அவரு எங்கயும் போக மாட்டாரும்மா, நீயும் மெட்ராஸ் போக வேணாம், சந்தோசமா இருன்னேன். அவ என் மொகத்தையே பார்த்துக்கினு இருந்தா. அழவே இல்லே. அப்பால மெதுவாச் சொன்னா: "மெட்ராஸ் போலாம்னு அவரைத் தொல்லை பண்ணதே நான்தாண்ணா. வாசல்ல நீ உக்காந்துக்கினு இருக்காத ஒரு வீட்டுல இருக்கணும்னு ஆசைப்பட்டேன்." சொல்லிட்டு எழுந்து நேரா உங்க ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கா.

புருசன் அப்படிக் கெடக்கையில பொம்பளை எதையாவது ஒளறத்தான் செய்வா, அதையெல்லாம் நீங்க எழுதிக்காதீங்க. நான் சொன்னதை மட்டும் எழுதிக்குங்க, கையெழுத்துப் போடறேன். போட்டுட்டு ஜல்தியா வீட்டுக்குப் போகணும் சார். மாப்பிள்ளையைப் படுக்க வெக்க என் வீட்டு முன்ரூமைக் காலி பண்ணி வெச்சிட்டேன், கட்டிலும் போட்டாச்சி. ரெண்டு பேரும் சின்னப் புள்ளைங்க. நான் பக்கத்துல இல்லேன்னா என்னா சார் பண்ணுவாங்க.