மே இருபத்தேழுக்கான கட்டம்

– சுத்தி வளைக்காதே அண்ணா. நம்பரைச் சொல்லு, நான் கிளம்பறேன்.

– வந்து அஞ்சு நிமிஷம் ஆகல. முதல்ல தண்ணியைக் குடி. முகமெல்லாம் வெந்து போயிருக்கு.

– ஆறு மணி ஆச்சு. ஏழு மணிக்கு முதல் பக்கம் அச்சுக்குப் போயிடும். நான் இப்ப உன் தங்கச்சி இல்ல, நிருபர். இன்னைக்கு ஊர்ல எத்தனை டிகிரி?

– நிருபரம்மா கொஞ்சம் உக்காரட்டும். இந்தா, இதைப் பிரிச்சுப் பாரு.

– ஐயோ... தூசி! என்னது இது?

– மே மாசப் பதிவேடுங்க. இந்த வானிலை ஆபீஸ் திறந்த நாள்லேருந்து, நூத்தி முப்பது வருஷம். இதே தேதியில முன்னெல்லாம் எவ்ளோன்னு காலைல போன் போட்டு உயிரை எடுத்தது யாரு?

– எனக்கு ஒரு வரி போதும். பழைய ரெக்கார்டு எவ்ளோ, எப்ப?

– மே இருபத்தேழுக்கு, நாப்பத்தஞ்சு புள்ளி ரெண்டு. தொண்ணூத்தி நாலு வருஷம் ஆச்சு. இதுவரைக்கும் யாரும் அதைத் தாண்டல.

– இன்னைக்குத் தாண்டியிருக்கும்ல? வெளியில நின்னா கண்ணே எரியுது. உன் மெஷின் என்ன சொல்லுது?

– மெஷின் மதியமே படுத்துடுச்சு. நாப்பத்தி நாலு வரைக்கும் காட்டுச்சு, அப்புறம் சூடு தாங்காம கண்ணை மூடிடுச்சு.

– நல்ல மெஷின்! வெயில் அளக்க வெச்சதே வெயில் தாங்கலையா?

– அதுக்குத்தான் முற்றத்து மரக் கூண்டுல பழைய தெர்மாமீட்டரை விட்டு வெச்சிருக்கு.

– சரி, அது என்ன சொல்லுது?

– ... முதல் பதிவேட்டைப் பாரேன். கையெழுத்து எப்படி இருக்கு! அச்சுல வார்த்த மாதிரி.

– பேச்சை மாத்தறே... நூத்தி நாலுன்னு போட்டிருக்கு? ஊருக்கே காய்ச்சலா?

– அப்பல்லாம் பாரன்ஹீட், மக்கு. நம்ம கணக்குல நாப்பது. பக்கத்துல குறிப்புன்னு ஒரு பத்தி இருக்கு பாரு, அதைப் படி.

– 'மேகம் இல்லை. காற்று இல்லை. காகம் வாயைத் திறந்தபடி வேலியில்.' அட! காகத்தையெல்லாமா எழுதுவாங்க?

– எழுதச் சொல்லி யாரும் சொல்லல. அந்த ஆளுக்குத் தோணியிருக்கு, எழுதியிருக்காரு. முப்பத்தியொரு வருஷம் அதே கையெழுத்துதான் வரும், புரட்டிப் பாரு.

– முப்பத்தியொரு வருஷமும் இதே வேலையா... இது என்ன, மே இருபத்தேழுல வெறும் எழுபத்தஞ்சு?

– அன்னைக்கு நாள் பூரா மழை.

– 'குடை காற்றில் போனது'ன்னு வேற எழுதியிருக்கு! இதே தேதிதானா? இதே ஊர்தானா?

– இதே கூண்டு, இதே முற்றம். இன்னைக்கு நாம வெந்து சாகற இடத்துலதான் அந்த ஆள் தொப்பலா நனைஞ்சுக்கிட்டு நின்னிருக்காரு.

– நம்பவே முடியல... இரு, இந்தப் பக்கம் பூரா பென்சில்ல இருக்கே?

– அது போர் நடந்த வருஷம். மை கிடைக்கல.

– 'நகரில் புகை. குண்டுச் சத்தம் மூன்று முறை. சூரியன் தெரியவில்லை. நூற்றொன்று.' அண்ணா... ஊரே பத்தி எரியுது, இவர் கூண்டைத் திறந்து டிகிரி பார்த்திருக்காரு!

– பார்த்துத்தான் ஆகணும். நாப்பத்தேழாயிரம் நாளுக்கு மேல ஆச்சு. கல்யாணம், சாவு, வெள்ளம், குண்டு... எது வந்தாலும் யாரோ ஒருத்தர் நடந்து போய்ப் படிச்சு, ஒரு நம்பர் எழுதியிருக்காங்க.

– கை பாரேன், புல்லரிச்சு நிக்குது. இத்தனை வருஷமா நீ ஏதோ ஈ ஓட்டற வேலையில இருக்கேன்னு நினைச்சுட்டு இருந்தேன்.

– வீட்ல எல்லாருமே அப்படித்தான் நினைக்கறீங்க.

– ஏன்ணா, ஒரு நாள்கூட விட்டுப் போகலையா?

– எனக்குத் தெரிஞ்சு இல்ல. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் பார்த்ததில்ல.

– அப்ப இது என்ன? இங்க ஒரு கட்டம் காலியா இருக்கே.

– எங்க?

– இதோ. முப்பத்தியொரு வருஷ ஆளேதான். மே இருபத்தேழு, நம்பரே இல்ல. குறிப்புல மட்டும் ஏதோ கிறுக்கியிருக்கு.

– காட்டு... கண்ணாடி எங்க வெச்சேன்... நீயே படி.

– 'உச்ச வெப்பமானியைப் படிக்குமுன் உதறிவிட்டேன். இன்றைய அளவு தெரியாது. பிழை என்னுடையது.' கீழே கையெழுத்து. உதறிவிட்டேன்னா என்ன அண்ணா?

– அந்த தெர்மாமீட்டர்ல பாதரசம் ஏறினா ஏறின இடத்துலயே நிக்கும், காய்ச்சலுக்கு வெக்கறது மாதிரி. சாயந்தரம் அதைப் படிச்சு எழுதிட்டு, அப்புறம்தான் உதறி இறக்கணும். படிக்காம உதறிட்டா... அந்த நாள் போச்சு. திரும்பக் கிடைக்காது.

– அடக் கடவுளே. முந்தின நாள் நூத்திப் பதிமூணு, மறுநாளும் நூத்திப் பதிமூணு. நடுவுல இது! அன்னைக்குத்தான் எல்லாத்தையும் விடப் பெரிய வெயிலோ என்னவோ?

– இருந்திருக்கலாம். இனிமே யாருக்குமே தெரியாது.

– ஆனா பாரு, இவர் பேசாம நூத்திப் பதிமூணுன்னு போட்டிருக்கலாம். யார் வந்து கேக்கப் போறா?

– யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.

– வேலை போயிருக்குமோ?

– புரட்டு... இல்ல. அடுத்த வருஷமும் அதே கையெழுத்துதான்.

– என்ன மனுஷன்ணா இவரு! இந்த ஒரு காலிக் கட்டத்தைப் பார்த்தப்புறம்தான் மத்த நம்பர் எல்லாத்தையும் நம்பலாம்னு தோணுது... ஏன், உனக்கு ஏன் கண்ணு கலங்குது?

– தூசி.

– ... ஒண்ணு சொல்லட்டா? திட்டக் கூடாது.

– சொல்லு.

– நான் மூணு மணிக்கே எழுதிக் கொடுத்துட்டேன். 'ஊர் கண்டிராத மே இருபத்தேழு, நாப்பத்தஞ்சு புள்ளி ஆறு'ன்னு. தலைப்பெல்லாம் போட்டாச்சு.

– ஆறா? எங்கேருந்து வந்துச்சு அது?

– கடைத்தெருவுல ஒரு மின் பலகையில ஓடுச்சு. ஆசிரியர் அவசரப்படுத்தினாரு... அதான் அஞ்சரைக்கு உனக்குப் போன் பண்ணி, 'நாப்பத்தஞ்சு புள்ளி ஆறு இருக்கும்ல, ஆறு இருக்கும்ல'ன்னு நூல் விட்டுட்டே இருந்தேன்.

– வெயில்ல தொங்கற பலகையை நம்பி...

– தப்புதான். இதையெல்லாம் படிச்சப்புறம் எனக்கே அசிங்கமா இருக்கு. ஆசிரியர்கிட்ட உதை வாங்கினாலும் பரவாயில்ல, மாத்திடறேன். நிஜ நம்பரைச் சொல்லு அண்ணா. கூண்டுல எவ்ளோ இருந்துச்சு?

– தெரியாதும்மா... அஞ்சரைக்கு உன்கிட்டப் பேசிட்டே கூண்டைத் திறந்தேன், கைப்பழக்கத்துல எடுத்து உதறிட்டேன், படிக்கவே இல்ல. இன்னைக்குக் கட்டத்துல உன்னோட நாப்பத்தஞ்சு புள்ளி ஆறைத்தான் பென்சில்ல போட்டு வெச்சிருக்கேன், நீ போனதும் மையால எழுதிடலாம்னு... நீ பேப்பருக்குப் போன் போடு, நான் இதை அழிச்சிட்டு வரேன்.