எப்ப வருவாய் மறுகா

நிலோஜன்: நில்லு, நில்லு... இதே வரிய இப்பதானே வாசிச்சாய்?

பிரஷாந்தி: பாட்டு அப்பிடித்தான். நீங்க தட்டுங்க. முதல் நாலு தட்டு, மறுகா மூணு தட்டு.

நிலோஜன்: வெள்ளைக்காரன்ட பாட்டுக்குப் பால்மா டின்னில தாளம்... உன்ட கெம்பஸ் சேர் கண்டா சிரிப்பார்.

பிரஷாந்தி: ஸ்கொட்லாந்து மீன்காரர்ர பழம்பாட்டு அது. நம்மளப்போல தோணிக்காரர்தான். தட்டுங்க.

"எப்ப வருவாய் தோணிக்காரா,
எப்ப வருவாய் மறுகா?"
"வாடை திரும்ப வாறன் பொண்ணே,
வருத்தம் உனக்குப் பெருகா."

நிலோஜன்: மறுகா, பெருகா... நல்லா விழுகுது. முதல்ல 'மீண்டும்' எண்டுதானே எழுதினாய்?

பிரஷாந்தி: அது பாடக்குள்ள ஆரோ பிறத்தியார் போலக் கிடந்திச்சு. மொழிபெயர்ப்பு ஒப்படையில ஊர்ச்சொல்லு வரலாமோ எண்டு சேர் கேப்பார்... கேக்கட்டும்.

நிலோஜன்: சரி. ஆனா அவ ஒரே கேள்விய மூணு தரம் கேக்கிறா. ரெண்ட வெட்டு.

பிரஷாந்தி: வெட்டேலா.

நிலோஜன்: ஏன், அவ செவிடோ?

பிரஷாந்தி: முதல் தரம் தெரியாமக் கேக்கிறா. ரெண்டாம் தரம் பயத்தில. மூணாம் தரம்... அவன்ட வாயால வரட்டும் எண்டு.

நிலோஜன்: ம்...

பிரஷாந்தி: நாளைக்குக் கொழும்புக்குப் போறீங்க. எப்ப வருவீங்க?

நிலோஜன்: வெள்ளிக்கிழமை. நாலு நாள் பயிற்சிதானே.

பிரஷாந்தி: எப்ப வருவீங்க?

நிலோஜன்: வெள்ளிக்கிழமை எண்டன்... என்ன, என்னை வச்சுப் பாட்டுப் படிக்கிறியா? டின்ன எடுத்து அங்கால வை, புள்ள.

பிரஷாந்தி: எப்ப வருவீங்க?

நிலோஜன்: ரெண்டு வருஷம். ருமேனியாவில வேலை... போனமுறை வெளிநாடு போறன் எண்டு தன்னாமுனை ஊர் முழுக்கச் சொல்லிப்போட்டு, பயணம் சரிவராம எயாப்போட்டில இருந்து திரும்பி வந்தன். அதுக்கு நீ அழுத அழுகை... இந்தமுறை பிளேன் ஏறுற நேரம் சொல்லுவம் எண்டு இருந்தன்.

பிரஷாந்தி: கொழும்பு வெயிலுக்கு ஆரு கம்பளிக் கோட் கொண்டுபோற? அதுக்குப் பொத்தான் தைச்சு உங்கட பேக்குக்குள்ள திரும்ப வச்சது நான்தான்.

நிலோஜன்: எப்ப?

பிரஷாந்தி: போன கிழமை.

நிலோஜன்: தெரிஞ்சுகொண்டோ இவ்வளவு நாளும் இருந்தாய்... கட்டின பொண்டாட்டிக்கு ஒளிச்சுப்போட்டன், பிரஷா. பாட்டில அந்த மூணு கேள்வியும் இருக்கட்டும். ஒண்டையும் வெட்டாத.

பிரஷாந்தி: ஸ்கொட்லாந்துக்காரி ரெண்டு தரம்தான் கேக்கிறா. மூணாவது நான் எழுதினது.