கருங்காலிப்பட்டுக்கு மைக் கொண்டு போனவர்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் கரையான்சாவடி ஒலிபெருக்கிக் கடை அப்துல் ரசாக் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், தோழர் தினகரனின் துணைவியார் கமலம் அண்ணி அவர்களே! அம்பத்தூர் தொழிற்பேட்டையின் எல்லா நிறக் கொடிகளையும் சேர்ந்த தோழர்களே! ஜவ்வாது மலையிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் கருங்காலிப்பட்டு மக்களே! வெள்ளையம்மா, நீங்கள் முதலில் போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வாருங்கள். இது சங்க மண்டபம். இங்கே யாருக்காகவும் யாரும் செருப்பைக் கழற்ற வேண்டியதில்லை. உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

நான் வரலட்சுமி. மின்விசிறி மோட்டாருக்குக் கம்பி சுற்றும் தொழிற்சாலையில் சங்கத் துணைத்தலைவர். தோழர் தினகரனும், கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் ஜெபாவும், நானும் சேர்ந்து நடத்திய ‘மேலே என்ன சேதி’ பாட்காஸ்டை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அவர் மலைக்குப் போய்ப் பேசுவார். நான் அம்பத்தூரில் உட்கார்ந்துகொண்டு அவரோடு சண்டை போடுவேன். ஜெபா இரண்டையும் வெட்டி ஒட்டுவாள்.

நேற்று கமலம் அண்ணி என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்: “அழுவுறதா இருந்தா நம்ப ஊட்லயே அழுதுக்கலாம் வரலட்சுமி. அதுக்கு இன்னாத்துக்கு மண்டபம், மைக்கு? அந்த மனுசன் அடிச்ச கூத்தெல்லாம் எடுத்துச் சொல்லு. ஜனங்க சிரிச்சுக்கினு போவட்டும்.” அண்ணியின் உத்தரவை மீற எனக்குத் தைரியம் கிடையாது. தோழர் தினகரனுக்கே கிடையாது!

ஆனால் சிரிக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். சென்ற புதன்கிழமை காலை பால் வாங்கப் போன தோழர் தினகரன், கடை வாசலிலேயே சரிந்துவிட்டார். மருத்துவமனைக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகமாக வருகிறது. ஏன் ஆத்திரம்? வருகிற இரண்டாம் தேதி கருங்காலிப்பட்டில் கிராமசபை! அந்த மலைக்கு மாலையில் போய்க்கொண்டிருந்த ஒரே பேருந்தை நிறுத்திவிட்டார்கள். அடிவாரத்து மேல்நிலைப் பள்ளிக்குப் போன பெண்பிள்ளைகளுக்குச் சாயங்காலம் வீடு திரும்ப வழியில்லை. வெள்ளையம்மாவின் மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். படிக்கிறாள் என்று சொல்வதே தவறு. பேருந்து நின்ற நாளிலிருந்து வீட்டில் இருக்கிறாள்.

போன கிராமசபையில் தோழர் தினகரன் மேசைமேல் மைக்கை வைத்தார். வந்திருந்த அதிகாரி, அடுத்த கிராமசபைக்குள் பேருந்து வந்துவிடும் என்று அந்த மைக்கில் வாக்குக் கொடுத்தார். வந்ததா? வரவில்லை! “அந்தக் குரலை அதே மேசையில போட்டுக் காட்டுறேன் பாரு” என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், இதோ மாலைக்கு நடுவே படமாக இருக்கிறார். இரண்டாம் தேதி யார் போவது? நண்பர்கள் சிலர், ஒரு வழியனுப்பு நிகழ்ச்சி போட்டுவிட்டு பாட்காஸ்டை மரியாதையாக மூடிவிடலாம் என்கிறார்கள். ஊர்க்காரர்களின் பேருந்தை யாரோ நிறுத்தினார்கள், அவர்கள் மைக்கை நாம் மூடுவதா? இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கப் போவதில்லை. பேசிக்கொண்டே அங்கே வருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தோழர் தினகரனுக்கு மலை எப்படி வந்தது? லேத் முன்னால் நின்றே வாழ்ந்த மனிதர். பக்கத்து இயந்திரத்தில் வேலை பார்த்த ஒப்பந்தத் தொழிலாளியிடம் ஒருநாள் “எந்த ஊருபா?” என்று கேட்டிருக்கிறார். “மலைங்க” என்றாராம் அவர். “மலைன்னா, ஊட்டியா?” “இல்லீங்க, ஜவ்வாது மலை.” அன்று மாலை சங்க அலுவலகத்துக்கு வந்து என்னிடம் குதித்தார். “ஊட்டி தெரியுது, கொடைக்கானல் தெரியுது. தோளோட தோள் இடிச்சுக்கினு நிக்கிறவன் மலை தெரியலியே வரலட்சுமி! நாமெல்லாம் இன்னாத்துக்கு தொழிலாளி ஒற்றுமைன்னு கோஷம் போடுறோம்?” ஓய்வு பெற்ற மறுவாரமே பேருந்து ஏறிவிட்டார். திரும்பி வந்ததும் பாட்காஸ்ட் ஆரம்பிக்க வேண்டும் என்றார். பாட்காஸ்ட் என்றால் என்னவென்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. தெரிந்த ஜெபாவைப் பிடித்துக்கொண்டோம்.

நெமிலிச்சேரியில் ஜெபாவின் அடுக்ககத்தில்தான் ஒத்திகை. ஜன்னலுக்கு மெத்தையை முட்டுக் கொடுத்து, கதவுக்குப் போர்வை தொங்கவிட்டு, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருக்கிறோம். தோழர் வாயைத் திறந்தார். “தோழர்களே!” ஜெபா காதிலிருந்த ஹெட்போனைப் பிடுங்கி எறிந்தாள். ஆயுள் முழுக்க ஆலை வாசலில் நின்று, இயந்திரச் சத்தத்தையும் லாரிச் சத்தத்தையும் மீறிப் பேசிய தொண்டை அது! மெதுவாகப் பேசும் பழக்கமே அதற்குக் கிடையாது. ஜெபா கெஞ்சினாள். “அங்கிள், மைக் உங்க மூக்குக்கு முன்னாடி இருக்கு. ஆவடியில இல்ல.” தோழர் தலையாட்டினார். மறுபடி வாயைத் திறந்தார். “தோழர்களே!” மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்துவிட்டார்.

அதே தொண்டையோடுதான் கருங்காலிப்பட்டுக்குப் போனார். விடியற்காலை. பனி. ஊரே அமைதி. ஒரு பாறைமேல் ஏறி உட்கார்ந்து, பதிவுக் கருவியை அழுத்தி, வழக்கம்போல ஆரம்பித்தார். “தோழர்களே!” ஆலை வாசலில் அந்தக் குரல் கேட்டால் ஆட்கள் மெதுவாக டீயை முடித்துவிட்டு வருவார்கள். மலையில் என்ன ஆகும்? ஊரே எழுந்து ஓடி வந்தது! வெள்ளையம்மா கையில் தாம்புக் கயிறு.

“யாரு கெணத்துல வுழுந்தது?”

“யாரும் வுழலம்மா. நான் பேசிக்கினு கீறேன்.”

“பேசறதுக்கா இந்தக் கத்து கத்தின?”

வேறு யாராக இருந்தாலும் வெட்கப்பட்டுக் கீழே இறங்கியிருப்பார்கள். நம் தோழர்? கூட்டம் கூடிவிட்டது. கூடின கூட்டத்தைக் கலைய விடுகிற மனிதரா அவர்? “வந்தது வந்துட்டீங்க, உக்காருங்க. இந்த ஊர்ல இன்னா பிரச்னை? ஒவ்வொருத்தரா சொல்லுங்க” என்று மைக்கை நீட்டினார். அதுதான் முதல் நிகழ்ச்சி! கயிறு கீழே விழும் சத்தமும், கோழிகள் கத்துவதும், வெள்ளையம்மாவின் வசவும் அதில் அப்படியே இருக்கின்றன. வெட்டிவிடலாம் என்றாள் ஜெபா. “ஊரு என்னைத் திட்டுறது ஊருக்குத் தெரிஞ்சா இன்னா?” என்றார். இந்த மனசு எத்தனை பேச்சாளர்களுக்கு வரும்? எனக்கு வராது!

ஆவடியிலிருந்து ஒரு தம்பி கோபமாக எழுதினார். ‘பயண நிகழ்ச்சி என்று நம்பிக் கேட்டேன். அருவி எங்கே, வியூ பாயிண்ட் எங்கே என்று சொல்லாமல் அரசியல் பேசுகிறீர்கள்’ என்று. தோழர் பதில் எழுதவில்லை, நேராகத் தொலைபேசியில் கூப்பிட்டார். “தம்பி, வியூ பாயிண்ட்ல நின்னா கீழ இருக்கிற ஊருதான் தெரியும். மேல இருக்கிற ஊரை எப்போ பாப்ப? சனிக்கிழமை கிளம்பு, அருவியும் காட்டுறேன்.” அருவி பார்க்கப் போன அந்தத் தம்பி அன்று பூரா சாமை குத்தினார். உள்ளங்கை கொப்பளித்துப் போய்த் திங்கட்கிழமை அலுவலகத்தில் தட்டச்சுப் பலகையைத் தொட முடியவில்லை. ரோஹித்! எங்கே இருக்கிறீர்கள்? எழுந்து நில்லுங்கள். அருவியைப் பார்த்தீர்களா இல்லையா? இன்னும் பார்க்கவில்லையாம்! கைதட்டுங்கள் தோழர்களே!

இடதுசாரிகளுக்கு இயற்கையை ரசிக்கத் தெரியாது என்று யாராவது சொன்னால் அவருக்குப் பொத்துக்கொண்டு வரும். மேகம் இறங்கினால் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பார். “அழகு இன்னா, மொதலாளிக்கு மட்டும் பட்டா போட்டுக் குடுத்ததா?” என்பார். ஒரு கல்லூரி மாணவி, இடதுசாரிச் சிந்தனை என்றால் என்ன ஐயா என்று கேட்டாள். நான் விளக்கம் சொல்லத் தொண்டையைச் செருமினேன். அவர் முந்திக்கொண்டார். “மலைக்குப் போறியா? கண்ணாற ரசி. அப்பால, இது யாருதுன்னு கேளு. கேட்டுட்டுப் பதில் வர்ற வரிக்கும் அங்கேயே நில்லு. அவ்ளோதாம்மா.” நான் படித்த புத்தகமெல்லாம் அலமாரியிலேயே இருந்துவிட்டது!

பலாப்பழ நிகழ்ச்சியை மறக்க முடியுமா? ஒரே ஒரு பலாப்பழத்தோடு மலையிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் வந்தார். ஜீப்பில் அதோடு வந்தார், லாரியில் அதன்மேலேயே உட்கார்ந்து வந்தார். வழியில் பார்த்த எல்லோரிடமும் ஒரே கேள்வி: “இந்தப் பழத்துக்கு நீ இன்னா செஞ்ச?” மரம் ஏறினேன் என்றார் ஒருவர். சுமந்தேன், ஏற்றினேன், இறக்கினேன் என்றார்கள். நடுவில் ஒரு தரகர் மட்டும், “நானா? நான் போன் பேசினேன்” என்றார்! இந்தப் பழத்தில் அதிகக் காசு பார்த்தவர் யார் என்று நான் உங்களுக்குச் சொல்லவும் வேண்டுமா? கடைசியில் பூந்தமல்லிச் சந்தையில் ரோஷன் பேகம் அக்கா கத்தியை எண்ணெயில் தோய்த்துக்கொண்டே கேட்டார். “இன்னா நைனா, பலாப்பழத்துக்குப் பேட்டியா? வெட்டுற கை என்னுது, அதையும் எழுதிக்கோ!” உபரி மதிப்பு என்ற சொல்லை ஒரு தடவைகூடச் சொல்லாமல் உபரி மதிப்பைப் பாடம் நடத்தி முடித்தார் தோழர். அன்று கமலம் அண்ணி வீட்டுக்குப் பலாச்சுளை வருமென்று காத்திருந்ததும், வெறும் ஒலிப்பதிவு மட்டும் வந்ததும் வேறு கதை!

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்கு மலை ஆகாது. வளைவு திரும்பினாலே வயிற்றைப் புரட்டும். ஒரே ஒரு தடவை அவரோடு கிளம்பினேன். மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் பேருந்தை நிறுத்தச் சொல்லி இறங்கியவள்தான். அங்கேயே கீழே போகிற வண்டியைப் பிடித்து வந்துவிட்டேன். மனிதர் சும்மா இருந்தாரா? அடுத்த நிகழ்ச்சியில் அந்த இடத்துக்கு ‘வரலட்சுமி வளைவு’ என்று பெயர் சூட்டினார்! இன்று ஜீப் ஓட்டுநர்கள் “வரலட்சுமி தாண்டிட்டோம்” என்று தொலைபேசியில் சொல்கிறார்களாம். கூட வந்த தோழர் ஒருத்தி வாந்தி எடுத்த இடத்துக்கு அவள் பெயரையே வைத்த தலைவரை எந்த இயக்கத்திலாவது பார்த்திருக்கிறீர்களா? நான் அவரோடு ஒரு வாரம் பேசவில்லை. அவர் அந்த வாரம் முழுக்க எனக்கு எலுமிச்சம்பழம் அனுப்பிக்கொண்டிருந்தார்.

அதனால்தான் தோழர்களே, இரண்டாம் தேதி யார் போவது என்ற கேள்வி என்னை அரிக்கிறது. ஜெபாவுக்கு மைக்கைப் பிடிக்கத் தெரியும். ஆனால் நாலு பேர் நடுவில் நிற்க மாட்டாள், அதை அவளே சொல்வாள். அதிகாரி எழுந்து போகப் பார்த்தால் “உட்காருங்கள், இன்னும் முடியவில்லை” என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். சொல்லத் தெரிந்தவள் நான். போக முடியாதவளும் நான். இதை எங்கே போய்ச் சொல்லி முட்டிக்கொள்வேன்?

இன்று காலை வெள்ளையம்மா ஆட்கள் வந்து இறங்கியதும் வாசல் டீக்கடையில் நின்றோம். என் நிலைமையைச் சொன்னேன். ஊர் சார்பாக என்ன பேச வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறேன், வேறு யாரையாவது அனுப்புகிறேன் என்றேன். வெள்ளையம்மா டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

“பேசறது நாங்க பேசிக்கறோம். எங்க ஊரு பஸ்ஸு, எங்க புள்ள. அதை நாங்கதான் பேசணும். மைக்கு இருந்தா ‘ஏம்மா’ன்னு அதட்டுற அதிகாரி ‘சொல்லுங்கம்மா’ங்கறாரு. அதுக்குத்தான் மைக்கு. அதைத் தூக்கிக்கிட்டு வர ஒரு ஆளு வேணும்.”

“வழியெல்லாம் வாந்தி எடுப்பேனே.”

“எடு. வழிநெடுக எடு. கழுவி வுட்டுக்கறோம். அண்ணன் இல்லாம போன மாதிரி நீயும் இல்லாம போயிராத.”

என் வாயை அடைக்க முதலாளிகளால் முடியவில்லை, காவல்துறையால் முடியவில்லை. கருங்காலிப்பட்டு வெள்ளையம்மா அடைத்துவிட்டார்! இத்தனை வருடம் நான் மேடையில் பேசியதெல்லாம் மக்கள் பேச வேண்டும் என்றுதான். அவர்கள் பேசத் தயாராக வந்து நிற்கும்போது, வயிறு புரட்டும் என்று நான் வீட்டில் உட்கார்ந்திருப்பதா? உட்கார்ந்திருந்தால், தோழர் தினகரனுக்கு மாலை போட்ட இந்தக் கைக்கு என்ன அர்த்தம்?

ஆகவே சொல்கிறேன், அவர் படத்தின் முன்னால் நின்று சொல்கிறேன்: நான் போகிறேன். ‘மேலே என்ன சேதி’ நிற்காது! ஒன்றாம் தேதி காலை அம்பத்தூரிலிருந்து கிளம்புகிறோம். ஜெபா அதிகாரியின் வாக்குறுதியைக் கருவியில் ஏற்றி வைத்துவிட்டாள். ரோஹித் வருகிறார். அப்துல் ரசாக் அண்ணன் ஒலிபெருக்கி தருகிறார். கமலம் அண்ணி சற்று முன் என் காதில், “நானும் வர்றேன், அந்த மனுசன் அப்டி இன்னாதான் பாத்தாருன்னு நானும் பாக்கணும்” என்றார். ஜன்னலோர இடம் மட்டும் எனக்கு விட்டுவிடுங்கள் அண்ணி!

கிராமசபையில் நான் பேச மாட்டேன். வரலட்சுமி பேசாமல் இருப்பதைப் பார்க்க விரும்புகிறவர்கள் தாராளமாகக் கூட வரலாம். மைக்கை மேசைமேல் வைப்பேன், அந்தக் குரலைப் போடுவேன், வெள்ளையம்மா பக்கம் திருப்புவேன். யார் எழுந்தாலும் உட்கார வைப்பேன். பேருந்து வந்தால், வெள்ளையம்மாவின் மகள் பள்ளிவிட்டு வந்து இறங்குவதைப் பதிவு செய்து உங்களுக்குப் போட்டுக் காட்டுவோம்.

வராவிட்டால், அடுத்த கிராமசபைக்கும் போவோம்.