நாற்பத்து மூன்று இசைத்தட்டுகள்

இசைத்தட்டைத் துடைக்கும்போது கோடு போகும் வழியிலேயே வட்டமாகத் துடைக்க வேண்டும். குறுக்கே துடைத்தால் தூசி உள்ளே இறங்கிவிடும். இது பலருக்குத் தெரிவதில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, பால்ராஜ் விஷயமாக எனக்குத் தெரிந்ததை எழுதித் தரச் சொன்னீர்கள். முறைப்படி எழுதுகிறேன். என் பெயர் குலசேகரம். நிபோங் திபாலில் ஏழாம் வகுப்பு வரை படித்தவன். ஜப்பான்காரர் காலத்தில் பினாங்கில் பறிமுதல் சாமான் கிடங்கில் பதிவேடு எழுதும் கிராணியாக இருந்தேன்.

பால்ராஜ் ஜப்பான் சண்டைக்கு முன் ஒரு நடன விடுதி பேண்டில் கார்னெட் என்ற ஊதுவாத்தியம் வாசித்தவர். டத்தோ கிராமட் பக்கம் தகரக்கூரை வீடு. கப்பல்காரர்களிடம் வாங்கிச் சேர்த்த நாற்பத்து மூன்று தட்டுகள் வைத்திருந்தார். எல்லாம் அமெரிக்க ஜாஸ், நடன பேண்டு. எதிரி நாட்டு இசைக்குத் தடை வந்தபின் மழை பெய்யும்போது மட்டும் வைப்பார். தகரத்தில் மழை விழும் சத்தத்தில் வெளியே கேட்காது. வேலை விட்டு வரும்போது வானம் இருண்டிருந்தால் நான் நேரே அங்கே போய்விடுவேன். அவர் மனைவி ரீத்தா அவித்த மரவள்ளிக்கிழங்கு தருவாள்.

சிக்காகோவில் பதித்த தட்டு ஒன்று. அதில் எல்லா வாத்தியமும் நின்றுபோய், கிளாரினெட் மட்டும் தனியே மேலே ஏறும். எட்டு நொடி. ஏறுவதற்கு முன் வாசிப்பவன் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். அந்த மூன்று வருடத்தில் எனக்கென்று இருந்தது அந்த மூச்சு ஒன்றுதான்.

கிராமபோனில் போடும் இரும்பு ஊசியைத் தட்டின் ஒரு பக்கம் ஓடியதும் எறிந்துவிட வேண்டும். கடைகளில் ஊசி தீர்ந்ததும் பால்ராஜ் பழையதைச் சாணைக்கல்லில் தீட்டிப் போட ஆரம்பித்தார். தீட்டிய ஊசி தட்டை உழுதுவிடும். நான் மூங்கிலைச் சீவி ஊசி செய்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

"மூங்கில்ல வச்சா பாட்டு தூங்கிப்போகுது அண்ணே," என்றார்.

தட்டு தேய்கிறது என்றேன்.

"தேயட்டும்லா. நாம மட்டும் தேயாமலா இருக்கோம்?"

ரீத்தா சிரித்தாள்.

செப்டம்பரில் அந்த எட்டு நொடி மங்கியது. அக்டோபரில் சரசரப்புதான் மிச்சம். மற்ற தட்டுகளும் இப்படியே போகும் என்பது தெளிவாயிற்று.

பறிமுதலாகும் சாமான்கள் என் கிடங்குக்குத்தான் வரும். பட்டியல் இல்லாமல் வந்தவை உடையும், காணாமல் போகும். ஆகவே இராணுவப் போலீசுக்கு எழுதிய கடிதத்தில், பால்ராஜ் வீட்டில் எதிரி நாட்டுச் சாமான்கள் உள்ளன என்று குறிப்பிட்டு, தனித்தாளில் பட்டியல் இணைத்தேன். பாட்டுகளின் பெயர்களை எழுதினால் கேட்டுப் பழகியவன் எழுதியது என்று தெரிந்துவிடும். ஆகவே தட்டுகளின் நடுவில் அச்சிட்டிருக்கும் எண்களை மட்டும் வரிசையாக எழுதினேன். கையெழுத்திடவில்லை. நாலு அறை அறைந்து விட்டுவிடுவார்கள் என்று நினைத்தேன்.

பால்ராஜைப் பிடித்துக்கொண்டு போனார்கள். தட்டுகள் மறுநாளே கிடங்குக்கு வந்தன. பட்டியல் அவர்கள் மேசையிலேயே இருந்துவிட்டது. அதை அவர்கள் ரகசியச் செய்தி என்று எடுத்துக்கொண்டார்கள். என்ன எண்கள் என்று பால்ராஜைக் கேட்டார்கள். அவருக்குத் தெரியாது. அவர் தட்டுகளைச் சத்தத்தால் அறிந்தவர், எண்ணால் அல்ல. தட்டையும் பட்டியலையும் சேர்த்துப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

மூன்றாம் நாள் ரீத்தா கிடங்குக்கு வந்தாள்.

"ஏதோ நம்பர் நம்பர்னு கேட்டு அடிக்கிறாங்களாம் அண்ணே. அவருக்கு ஒண்ணுமே புரியலையாம். நீங்க படிச்சவங்க, ஒரு மனு எழுதிக் கொடுங்க."

எழுதிக் கொடுத்தேன். நல்ல மனு. அவருடைய ஒழுக்கம், மாதா கோயில் பாட்டுக்குழுவில் செய்த சேவை, மனைவி கர்ப்பிணியாக இருப்பது எல்லாம் இருந்தது. எண்களைப் பற்றி ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதினால் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ரீத்தா இரண்டு முட்டை கொண்டுவந்து வைத்தாள். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவாள் என்று வாங்கிக்கொண்டேன்.

பதினோராம் நாள் ரீத்தாவை அழைத்து அவருடைய சட்டையை வாங்கிப் போகச் சொன்னார்கள். உடலைத் தரவில்லை.

கடிதம் எழுதியவன் நான். எண்கள் என்னவென்று சொல்லாமல் இருந்தவனும் நான். உடைத்தாயிற்று என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, தட்டுகளை என் அறைக்குக் கொண்டுபோனேன். மூங்கில் ஊசியில்தான் வைக்கிறேன். இரண்டு வருடத்தில் ஒரு கீறல் இல்லை. பால்ராஜிடம் இருந்திருந்தால் இந்நேரம் ஒன்றும் மிஞ்சியிருக்காது. இதை ரீத்தாவிடம் யாராவது பக்குவமாகச் சொன்னால் நல்லது.

எடுத்துப்போக வரும் கான்ஸ்டபிளிடம் தட்டுகளை அடுக்கிப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வைக்கச் சொல்லுங்கள். பட்டியல் இணைத்திருக்கிறேன். இந்த முறை, அவை என்ன எண்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதிவிட்டேன்.