பிள்ளையார் இறங்காத ஊர்

“நிலம் நடுங்கேக்கை ஒரு சொட்டுத் தேத்தண்ணியும் சிந்தாத ஆக்கள் நாங்கள்!”

ஜெர்மனியில், அல்ப்ஸ்டாட்டிலிருந்து டூபிங்கன் போகும் ரயிலில், முன் இருக்கையில் எங்கள் ஊர்ப் பெண்மணி ஒருவர் சொன்னார். பக்கத்தில் அவருடைய மகளைக் கட்டப்போகும் மாப்பிள்ளையின் தாய், டுசல்டோர்ஃப்காரர். அன்று விடியற்காலையில்தான் நிலம் நடுங்கியிருந்தது.

“கலியாணம் நடக்கட்டும் அக்கா. ஆனா என்ரை மகன் இஞ்சை குடியிருக்க ஏலாது. உங்கட வீட்டிலை நான் படுத்த கட்டிலே ஆடினது.”

“இஞ்சை அடிக்கடி ஆடும்தான். வீடு விழுந்ததோ?”

பள்ளிக்கூடம் அதிகம் போகாமலே அந்த அல்ப்ஸ்டாட்டில் கடையும் வீடும் எழுப்பியவன் நான். கேட்கக் கேட்க நெஞ்சு நிமிர்ந்தது.

“எங்கட சாமித்தட்டின்ரை விளிம்பிலை ஒரு மரச்சட்டம் அடிச்சிருக்கு, பாத்தனீங்களோ? இஞ்சத்தைத் தமிழ் வீடுகளிலை அப்பிடித்தான்.”

“நான் அது பூனைக்கெண்டெல்லோ நினைச்சன்!”

“நேற்று நீங்கள் கொண்டுவந்து வைச்ச பிள்ளையார் விழுந்தவரோ?”

“இல்லை.”

மாப்பிள்ளையின் தாய் அவர் பக்கம் திரும்பினார்.

“பிள்ளையாரே இறங்கேல்லை. பிறகு என்ரை பெடியன் ஏன் இறங்கவேணும்? இஞ்சையே இருக்கட்டும். ஆனா நான் திரும்பி வாறதுக்குள்ளை அந்தக் கட்டிலுக்கும் ஒரு சட்டம் அடிச்சு வையுங்கோ.”