தொண்ணூற்றொன்பது பேரும் ஒரு சாரும்

தலைமையாசிரியர்: ...அதான் சொல்றேன் டீச்சர், கயித்தையெல்லாம் அவுத்துடுங்க. மைதானத்துல மாட்டைக் கட்டின மாதிரி...

டீச்சர்: கட்டலை சார். பத்துப் பத்துப் பேரா வளைச்சு நிறுத்தியிருக்கோம். பத்தெல்லாம் நடுவுல. பத்து சேராத உதிரிப் பசங்க மரத்தடியில. நூறு சேர்ந்தா சுவரோரம்.

தலைமையாசிரியர்: என் சர்வீஸ்ல நூறு சொல்லிக் கொடுக்கக் கயிறு கேட்ட ஒரே ஆள் நீங்கதான். ஒப்பிக்கச் சொன்னா தானா வந்துட்டுப் போகுது.

டீச்சர்: ஒப்பிக்கிறாங்க சார். முப்பத்தொன்பது, முப்பத்துப்பத்துன்னு.

தலைமையாசிரியர்: ம்... அது பயத்துல.

டீச்சர்: இன்னைக்கு ஒரு நாள் சார். பிடிக்கலேன்னா நானே கயித்தைத் தூக்கிப் போட்டுடறேன். நாளையிலேர்ந்து ஒப்பிப்புதான்.

தலைமையாசிரியர்: பேச்சு மாறக் கூடாது... எத்தனை பேர் நிக்கிறாங்க?

டீச்சர்: ஒன்பது கயிறு, ஒன்பது உதிரி. நூறுக்கு ஒரு ஆள் குறையுது.

தலைமையாசிரியர்: வாட்ச்மேனைக் கூப்பிடுங்க.

டீச்சர்: கேட்டை விட்டு நகரக் கூடாதுன்னு நீங்கதானே சார்...

தலைமையாசிரியர்: அப்ப நானா? டையும் கோட்டுமா, உதிரியில போய்...

வாலு: வாங்க சார். உங்களுக்காகத்தான் மூக்கைக்கூடச் சொறியாம நிக்கிறோம்.

தலைமையாசிரியர்: நகருடா. இங்கயா?

வாலு: எம்பக்கத்துல. கையைப் பிடிங்க.

டீச்சர்: பத்தாச்சு. கயித்தைப் போட்டு நடுவுக்கு வாங்க... இப்பக் கயிறும் பத்தாச்சு. பெரிய கயித்தைச் சுத்தி இழுங்க. அப்படியே எல்லாரும் சுவரோரம்... மெதுவா...

வாலு: சார், எதைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறீங்க?

தலைமையாசிரியர்: இருடா... மரத்தடி காலி. நடுவும் காலி. ஒரே ஒரு ஆள் வந்து நின்னதுக்கா இவ்வளவு?

வாலு: காலியான இடத்துக்கு சைபர் சார். ரெண்டு காலி, ரெண்டு சைபர்.

தலைமையாசிரியர்: எத்தனை வருஷமா போர்டுல எழுதறேன்... அந்த சைபர் ரெண்டும் நேத்து வரைக்கும் வெறும் முட்டைதான்டா எனக்கு.

வாலு: கூட்டத்துல நீங்க எங்க இருக்கீங்கன்னே தெரியல சார்.

தலைமையாசிரியர்: எனக்கும்தான். நல்லாத்தான் இருக்கு.

டீச்சர்: அப்ப கயித்தை... தூக்கிப் போட்டுடவா சார்?

தலைமையாசிரியர்: தொட்டுப் பாருங்க, தெரியும்.

ஸ்டோர் ரூம் குரல்: டீச்சர்... சாரை உள்ள இழுத்தாச்சா? நான் வெளிய வரலாமா?

டீச்சர்: சார்... அது வந்து...

தலைமையாசிரியர்: வரச் சொல்லுங்க டீச்சர். காலையில கேட்டுல நின்னு நூறு தலையையும் எண்ணித்தானே உள்ள விட்டேன்... யாராவது என்னையும் விளையாட்டுக்குக் கூப்பிட மாட்டாங்களான்னு இருந்துச்சு.