கண்ணாடிப் பெட்டியில் இல்லாத சாசனம்

கையில் கட்டுடன் தலைமை தாங்கும் மருந்துக்கடை ஐயா அவர்களே! ஆண்டெல்லாம் அமைதி காத்து, இன்று மட்டும் ஆரவாரம் செய்ய உரிமை பெற்ற வாசகப் பெருமக்களே! பிள்ளையை மடியிலும் பெரும்பொறுமையை மனத்திலும் தாங்கி அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் நூலகரின் வணக்கம்.

நாட்டின் அரசியல் சாசனத்துக்கு விழா எடுக்கிறோம். ஆனால் விழா நாயகனைக் காணோம்! என்ன, "புத்தகம் எங்க சார்?" என்றா கேட்கிறீர்கள் பின்வரிசையில்? சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

போற்றினோம் அந்த நூலை. புழுதி படாமல் காக்கக் கண்ணாடிப் பெட்டி செய்தோம். நாலு பக்கமும் ஆணி அறைந்த பிறகுதான் கதவு வைக்க மறந்தது தெரிந்தது. சிரிக்காதீர்கள் தச்சரே, உங்களைத்தான்! "அதை யாரு சார் எடுத்துப் படிக்கப் போறா, இருந்துட்டுப் போகட்டும்" என்றீர்கள். நாங்களும் தலையாட்டினோம்.

இன்று காலை தையல்கார அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். புத்தகத்தின் அடியில் விரித்த சிவப்புத் துணியைத் தைத்தவர் அவர்தான். துணியைப் பார்க்க வந்தார் என்றே நினைத்தேன்.

"எம் மவனை நேத்து போலீசு புடிச்சிட்டுப் போனாங்க சார். என்ன தப்புன்னு கேட்டா, போம்மாங்கிறாங்க. அன்னிக்கு நான் துணி அளக்கும்போது படிச்சீங்களே, காரணம் சொல்லாம யாரையும் அடைக்கக் கூடாது, ஒரு நாளுக்குள்ள நீதிபதி முன்னால நிறுத்தணும்னு. அந்தப் பக்கத்தைக் குடுங்க. நான் வாயால சொன்னா எவன் கேப்பான்?"

இருப்பதோ ஒரே பிரதி. அதுவும் கண்ணாடிக்குள்! எதற்கு எழுதினார்கள் அந்தச் சாசனத்தை? பூச்சூட்டவா? பூட்டி வைக்கவா? புகைப்படம் எடுக்கவா? பெட்டிக்குப் பணம் தந்த நம் தலைவர்தான், "என்னய்யா பாத்துக்கிட்டு நிக்கிற, நகரு!" என்று மேசைமேல் இருந்த பித்தளை மணியை எடுத்துக் கண்ணாடிமேல் போட்டார் ஒரு போடு. அந்தக் கட்டு அப்படி வந்ததுதான்.

இதோ, காலிப் பெட்டி. காவல் நிலையம் போன புத்தகம் இப்போது நீதிமன்றத்தில் இருக்கிறது. சற்று முன் அக்கா போனில் பேசினார். "புள்ளையக் கூட்டிட்டு வந்துட்டாங்க சார். நீதிபதி இன்னும் வரல. தனியா நிக்கிறேன், பயமா இருக்கு."

தனியாகவா? இத்தனை பேர் இங்கே இருக்க, ஒரு தாய் அங்கே தனியாகவா? சாசனத்தின் முதல் வரியில் இருப்பது 'நான்' அல்ல ஐயா, 'நாம்'! அந்த 'நாம்' யார்? நாற்காலியில் அமர்ந்து கைதட்டுகிறவர்களா?

நீதிமன்றம் இரண்டு தெரு தள்ளித்தான். பாட்டும் பரிசும் பிறகு ஆகட்டும். தலைவர் எழுந்துவிட்டார், பாருங்கள்! இவ்வளவு நேரம் செவி கொடுத்தீர்கள், நன்றி. விடைபெறும் வணக்கத்தை அந்த அக்காவின் பக்கத்தில் நின்று சொல்கிறேன். வாருங்கள், போவோம்!